நினைக்கிறது யாரு

வாங்க சார், உக்காருங்க, இது ஆள் வர்ற சீட்டு இல்ல. நீங்க ஜன்னலோரம் போயிருங்க, எனக்கு இந்த ஓரம்தான் வசதி, காலை நீட்டிக்கலாம். இதுவா? ஆஸ்பத்திரி ஃபைலு சார். எனக்கு இல்ல, என் சம்சாரத்துக்கு. அந்தா, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, நீலச் சேலை. தலை தெரியுதா? அவதான், சண்முகக்கனி. எம்பக்கத்துல உக்காருன்னு சொன்னேன். முன்னாடி ஆட்டம் கம்மியா இருக்கும்னு அங்க போயிட்டா. சரி, கண்ணுல படுற தூரம்தானேன்னு விட்டுட்டேன்.

எதுவரைக்கும் போறீங்க? திருநெல்வேலியா. நாங்க சாத்தூர். நான் கரண்ட் ரீடிங் எடுக்குற ஆளு சார். பத்தொன்பது வருஷ சர்வீசு. மூவாயிரத்து எண்ணூறு கனெக்‌ஷன் எங்கையில இருக்கு. எந்த வீட்டுல புதுசா ஆளு வந்திருக்கு, எந்த வீட்டுல எப்ப வரைக்கும் லைட் எரியுது, மீட்டரைப் பார்த்தாலே சொல்லிருவேன். மனுசன் பொய் சொல்லுவான், மீட்டர் சொல்லாது. அதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு நான் சொல்றதைக் கேளுங்க. நியாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க. படிச்சவரு மாதிரி இருக்கீங்க.

ஒரு எலும்பு சார். இன்னியோட ஆறு நாளாச்சு, அவ நெஞ்சுக்குள்ள இருந்து ஒரு எலும்பை எடுத்திருக்காங்க. அவ எலும்பு இல்ல, ஆட்டெலும்பு. சுண்டுவிரல் நகம் இருக்குல்ல, அதுல பாதி இருக்கும். மூணு வருஷமா வலது பக்க நுரையீரல்ல உக்காந்திருந்திருக்கு. வயித்துக்குப் போக வேண்டியது வழி மாறி மூச்சுக்குழாய்க்குள்ள போயிருச்சாம். மூக்கு வழியா குழாயை விட்டு, கேமராவுல பார்த்து, இடுக்கி மாதிரி ஒண்ணுல கவ்வி எடுத்தாங்க. எடுத்ததை ஒரு குப்பியில போட்டுக் கொடுத்தாங்க. அந்தக் கருமத்தைத் தூரப் போடுன்னேன். மாட்டேன்னுட்டா, கைக்குள்ளயே வச்சிருக்கா.

நடந்தது எப்போன்னா, மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஆவணி மாசம். என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. குலதெய்வம் கோயில்ல கிடா வெட்டி, பந்தல் போட்டுச் சாப்பாடு. ஆம்பளைங்க ஒரு வரிசை, பொம்பளைங்க எதிர்வரிசை. கனி எனக்கு நேர் எதிரே உக்காந்திருக்கா. கறி வாளியைத் தூக்கிக்கிட்டுப் பந்தி விசாரிக்கிற ஆளு ஒருத்தன் வர்றான். என்னமோ சொல்றான், இவ வாய் நிறையக் கறியை வச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறா சார். எங்கிட்ட ஒரு நாளு அப்படிச் சிரிச்சதில்ல. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு, மறைக்க என்ன இருக்கு. 'ஏ கனி!'ன்னு ஒரு சத்தம் போட்டேன். ஒரே ஒரு சத்தம்தான். பந்தலே திரும்பிப் பார்த்துச்சு. இவ திடுக்குன்னு நிமிந்தா. அப்பத்தான் புரையேறுச்சு.

லேசுப்பட்ட புரை இல்ல. கண்ணு ரெண்டும் பிதுங்கிருச்சு, மூஞ்சி கருத்துப் போச்சு. பொம்பளைங்க ஓடியாந்து கூடிக்கிட்டாங்க. நம்ம பக்கம் என்ன செய்வாங்க? உச்சந்தலையில தட்டி, யாரோ உன்னைய நினைக்கிறாங்கன்னு சொல்லுவாங்க. அதையேதான் செஞ்சாங்க. ஆளாளுக்குத் தட்டுறாங்க, 'யாருடி நினைக்கிறா, யாருடி நினைக்கிறா'ன்னு கேக்குறாங்க. என் தங்கச்சி கொழுந்தன் ஒருத்தன் இருக்கான், முனியாண்டின்னு, வாய் சும்மா இருக்காது. 'மச்சான் எதிர்லயே உக்காந்து முறைச்சுக்கிட்டு இருக்காரு, அப்ப நினைக்கிறது வேற ஆளு போல'ன்னான். பந்தலே சிரிச்சுச்சு. கால் மணி நேரத்துல அவளுக்கு மூச்சு வந்துருச்சு, தண்ணி குடிச்சா, எல்லாரும் மறுபடி இலைக்குப் போயிட்டாங்க. சிரிச்சவங்க சிரிச்சுட்டு மறந்துட்டாங்க. நான் மறக்கல.

விளையாட்டுக்குச் சொன்னதுன்னு என் தங்கச்சிகூடச் சொன்னா. விளையாட்டுலதான் சார் உண்மை வெளிய வரும். நான் அவளை நினைக்கல, அது எனக்குத் தெரியும். நான் கோவத்துல இருந்தேன். அவளுக்கு அப்பா அம்மா இல்ல, எங்களுக்குப் பிள்ளைகுட்டியும் இல்ல. அப்ப அந்த நேரத்துல அவளை அவ்வளவு அழுத்தமா நினைச்சது யாரு? இந்தக் கேள்வி நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

அன்னிக்குப் பிடிச்ச இருமல், நிக்கவே இல்ல. நான் வைத்தியம் பார்க்காம விட்டேன்னு ஒரு நாக்குச் சொல்ல முடியாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு டாக்டர், வீசிங்னாரு, வாயில வச்சு இழுக்குற மருந்து கொடுத்தாரு. ரெண்டு மாசம் நல்லா இருக்கும், மறுபடி காய்ச்சல், மறுபடி ஊசி. டி.பி.யான்னு சளி எடுத்துப் பார்த்தாங்க, இல்லைன்னுட்டாங்க. படம் எடுத்தா, சளி கட்டியிருக்குன்னாங்க. ஒருதடவை இவளா வாயெடுத்தா, 'அன்னிக்குக் காதுகுத்துல சாப்பிடும்போதுதான் டாக்டர்'ன்னு. நான் முறைச்சேன், வாயை மூடிக்கிட்டா. வீட்டு அசிங்கத்தை எதுக்கு ஊர் டாக்டருக்குச் சொல்லணும்?

அவ தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்தா. மருந்துத் தூசி ஆகாதும்மா, வேலையை விட்டுருங்கன்னாரு டாக்டர். எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. அங்க ஒரு கணக்கப்பிள்ளை இருக்கான், மூஞ்சி நிறையப் பவுடர் அப்பிக்கிட்டு வருவான். வேலையை நிறுத்தினேன். நிறுத்தியும் இருமல் நிக்கலன்னா, அவன் இல்ல, வேற ஆளுன்னு ஆச்சு. போனை வாங்கி வச்சேன். போன் இல்லாமலும் இருமினா.

திருமங்கலம் வந்துருச்சு போல. கூட்டத்தைப் பாருங்க, காலேஜ் பயலுக. ஏப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா, முன்னாடி மறைக்குது. ஆங், இருக்கா, இருக்கா. நீலச் சேலை.

அப்புறம்தான் நான் நோட்டுப் போட்டேன். இந்தா, ஃபைல்லயே இருக்கு, பாருங்க. நம்ம தொழிலே அதுதான, ரீடிங் எடுக்குறது. தேதி, மணி, எத்தனை இருமல், அப்ப தெருவுல போனது யாரு, வந்தது யாரு. இருமினா, 'யாரு?'ன்னு கேப்பேன். அவ்வளவுதான். ஒரு நாளும் கை நீட்டினதில்ல சார், எங்க வேணும்னாலும் விசாரிங்க. கேள்விதான் கேட்டேன். கொஞ்ச நாள்ல அவ சேலைத் தலைப்பை வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டு இருமப் பழகிட்டா. எனக்குத் தெரியாதா? தோள் குலுங்குறதை வச்சு எண்ணிருவேன்.

நோட்டுப் போட்டதுல ஒண்ணு பிடிபட்டுச்சு. இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா இருமுறா. வலது பக்கம் படுத்தா இல்ல. ஒரு மாசம் பார்த்தேன், மாறவே இல்ல. இடது பக்கம் சுவரு. சுவருக்கு அந்தாண்ட பக்கத்து வீடு, ரிட்டயர்டு போஸ்ட்மேன், அறுபத்து மூணு வயசு, ஒண்டிக்கட்டை. வயசா முக்கியம்? கட்டிலைத் திருப்பிப் போட்டேன். இப்ப இடது பக்கம் நான், வலது பக்கம் சுவரு. அப்பவும் இடது பக்கம் திரும்பினாத்தான் இருமுறா. அப்ப என் மூஞ்சியைப் பார்த்ததும் அவன் நினைப்பு வருதுன்னுதான சார் அர்த்தம்? இனிமே வலது பக்கம் மட்டும்தான் படுக்கணும்னுட்டேன். இருமல் பாதியாக் குறைஞ்சுச்சு. காய்ச்சல்தான் கூடிப் போச்சு.

இந்த வருஷம் மாசி மாசம், கைக்குட்டையில ரத்தம். அதைக் கொண்டு போய்க் காமிச்சா, டாக்டர் பதறிட்டாரு. இனிமே நம்ம ஊர்ல முடியாது, மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுங்க, பெரிய டாக்டரைப் பாருங்கன்னு லெட்டர் எழுதிக் கொடுத்தாரு. அந்த லெட்டரை வாங்கிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னேன், 'கனி, நான் கெட்டவன் இல்ல. இந்தா லெட்டர். பேரைச் சொல்லு, மறுநாளே மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்'னு. எவ்வளவு பெருந்தன்மை பாருங்க. அவனை ஒண்ணும் செய்ய மாட்டேன்னுகூடச் சொன்னேன். பேரு மட்டும் போதும்.

அவ என் கால்ல விழுந்தா. யாருமே இல்லைங்க, யாருமே இல்லைங்கன்னு அழுதா. நாலு மாசம் சார். நாலு மாசம் அந்த லெட்டரு எம்பையிலயே இருந்துச்சு. துவைக்கப் போடும்போது எடுத்து, வேற சட்டைக்கு மாத்தி வச்சுக்குவேன். அவ அந்தப் பையையே பார்த்துக்கிட்டு இருப்பா. எடை குறைஞ்சு போச்சு, மாடிப்படி ஏற முடியல, பேசினா ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குது. எனக்கு மட்டும் கல் மனசா? ராத்திரி தூக்கம் இல்ல எனக்கு. இவ்வளவு கஷ்டத்துலயும் பேரைச் சொல்ல மாட்டேங்கிறாளே, அவன் மேல அவ்வளவு பிரியமான்னு நினைச்சு நினைச்சு எனக்குத்தான் நெஞ்சு வலிச்சுச்சு.

விருதுநகரா? இங்க பத்து நிமிஷம் போடுவான். நீங்க இறங்கணும்னா இறங்கிட்டு வாங்க சார், டீ நல்லா இருக்கும். நான் இறங்கல, அவளைத் தனியா விட்டுட்டுப் போக முடியாதுல்ல. என்ன, அப்புறம் என்னாச்சுன்னா கேட்டீங்க? சொல்றேன், சொல்றேன். என்ன அப்படி ஜன்னல்ல பார்க்குறீங்க, தெரிஞ்சவங்களா? இல்லையா. சரி.

இப்ப போன ஆனி மாசம்தான், ஒரு சாயங்காலம். ஈசிச் சேர்ல உக்காந்துக்கிட்டே தூங்குவா அப்பல்லாம், படுத்தா மூச்சு முட்டும். என்னையக் கூப்பிட்டா. 'தேவசகாயம்'னா. யாரு, எந்த ஊருன்னு கேட்டேன், கண்ணை மூடிக்கிட்டா. 'பேரு கேட்டீங்க, சொல்லிட்டேன். நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னா.

பேரு கிடைச்சா ஆளு கிடைக்காதா? எங்கையிலதான் லிஸ்ட் இருக்கே. மூவாயிரத்து எண்ணூறு கனெக்‌ஷன்ல மூணு தேவசகாயம். ஒருத்தர் படுத்த படுக்கையா இருக்குற பாஸ்டர். ஒண்ணு நாலு வருஷமாப் பூட்டிக் கிடக்குற வீடு. மூணாவது, பைபாஸ் ரோட்டுல சைக்கிள் கடை வச்சிருக்குறவன். நாற்பது வயசு, நல்ல உடம்பு. அன்னிக்கே போனேன். நான் சண்டை போடல சார், சத்தியமா. கடையில அவன் சம்சாரமும் இருந்துச்சு, ரெண்டு பொண்ணுகளும் இருந்துச்சுக. நின்னு நிதானமா விஷயத்தைச் சொன்னேன், அவ்வளவுதான். அவன் பைபிளைத் தொட்டுச் சத்தியம் பண்ணினான், எனக்கு உங்க சம்சாரம் கருப்பா சிவப்பான்னே தெரியாதுன்னு. இப்ப அவன் சம்சாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருச்சு. கடை ஷட்டரும் ஏறலன்னு ஊர்ல இருந்து போன் வந்துச்சு. தப்பு இல்லாதவன் ஏன் சார் கடையைப் பூட்டுறான்?

நிக்கிற ஆளுகளால ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. சார், நீங்க உயரமா இருக்கீங்க, கொஞ்சம் எட்டிப் பாருங்க, இருக்காளா? இருக்காளா. சரி சரி. தூங்குறாளோ என்னமோ.

நான் சொன்ன சொல் தவற மாட்டேன் சார். மறுநாளே மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் ஒரு பொண்ணு, சின்ன வயசு. ஸ்கேன் எடுத்துட்டு, ஏதோ மாட்டியிருக்கு, குழாய் விட்டுப் பார்க்கணும்னா. பார்த்தா எலும்பு. அதைச் சுத்திச் சதை வளர்ந்து மூடியிருந்திருக்கு, அதுக்குக் கீழ சளியெல்லாம் தேங்கிச் சீழ் பிடிச்சிருக்கு. கீழ்ப் பாகம் கெட்டுப் போச்சு, அது இனிமே வேலை செய்யாது, ஒருவேளை ஆபரேஷன் பண்ணி எடுக்க வேண்டி வரலாம், நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காதுன்னாங்க. டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க.

ஆனா ஒண்ணு. என் நோட்டை வாங்கிப் பார்த்தாங்க சார் அந்தப் பொண்ணு. ஒவ்வொரு பக்கமாப் புரட்டினாங்க. அப்புறம், 'இடது பக்கம் படுத்தா இருமல், வலது பக்கம் படுத்தா இல்லைன்னு ரெண்டு வருஷமா எழுதியிருக்கீங்களே. இடது பக்கம் திரும்பினா வலது பக்கம் தேங்கின சளி மேல வந்து இருமல் வரும், வலது பக்கம் அடைப்பு இருக்குன்னு இதுலயே தெரியுது. இதை ஏதாவது ஒரு டாக்டர்கிட்ட காமிச்சிருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்பாங்க'ன்னாங்க. அவ்வளவு பெரிய டாக்டர் சொல்லுது, என் ரீடிங் கரெக்ட்டுன்னு. எனக்குப் பெருமையா இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஓரத்துல எழுதியிருக்குற பேரெல்லாம் என்னன்னு கேட்டாங்க. அது சொந்த விஷயம்னுட்டேன்.

அப்புறம் கனிகிட்ட கேட்டாங்க, 'சாப்பிடும்போது எப்பவாவது பயந்தீங்களா, சிரிச்சீங்களா, யாராவது திடீர்னு கூப்பிட்டாங்களா, அந்த நேரத்துல மூச்சை உள்ள இழுத்துட்டீங்களா?'ன்னு. இவ என்னையப் பார்த்தா. டாக்டரும் என்னையப் பார்த்துச்சு. எதுக்குப் பார்த்தாங்கன்னு இப்ப வரைக்கும் எனக்கு விளங்கல.

சரி, எலும்புன்னே வச்சுக்குவோம். நான் படிக்காதவன் இல்ல, கண்ணால பார்த்ததை இல்லைன்னு சொல்ல. இருமல் நின்னுருச்சு, ஆறு நாளா ஒரு இருமல் இல்ல. ஆனா இருமினது எலும்புன்னா, பேரு சொன்னது யாரு? எலும்பா சொல்லுச்சு தேவசகாயம்னு? கேட்டேன். வார்டுல வச்சு, மெதுவாத்தான் கேட்டேன். அவ சொல்றா, 'அது எங்கம்மாவுக்குப் பிரசவம் பார்த்த டாக்டர் பேரு. எங்கம்மா சொல்லிக்கிட்டே இருக்கும், அவரு இல்லைன்னா நீ இல்லைன்னு. அவரு செத்து முப்பது வருஷமாச்சு. செத்துப்போன ஆளை உங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னுதான் அந்தப் பேரைச் சொன்னேன்'னா. எவ்வளவு கெட்டிக்காரி பாருங்க.

அப்பத்தான் நான் சைக்கிள் கடைக்குப் போனதைச் சொன்னேன். மறைக்கணும்னு எனக்கு என்ன இருக்கு? எந்தக் கடை, எந்த ரோடு, அவரு சம்சாரம் எந்த ஊருக்குப் போச்சுன்னு ஒவ்வொண்ணாக் கேட்டா. சொன்னேன். அதுக்கு அப்புறம் எங்கூட ஒரு வார்த்தை பேசல. மூணு நாளாச்சு. குழாய் விட்டதுல தொண்டை புண்ணாயிருக்கும். ஆனா அந்த மூணு நாளும் அவ மூச்சு விடுறதையே பார்த்துக்கிட்டு இருந்தேன் சார். இழுத்து இழுத்து விடுறா. புதுசா ஒண்ணு கிடைச்ச மாதிரி விடுறா.

எனக்கு இப்ப கவலை என்னன்னா, இருமல் இருந்தவரைக்கும் ஒரு கணக்கு இருந்துச்சு. இப்ப ஒரு அடையாளமும் இல்ல. அவ பாட்டுக்குச் சும்மா உக்காந்திருக்கா, உள்ள என்ன ஓடுதுன்னு எப்படித் தெரியும்? வீட்டுக்குப் போனதும் வேற ஏதாவது வழி பண்ணணும். பார்த்தீங்களா, கேமராவை விட்டு நெஞ்சுக்குள்ள பார்க்குறாங்க, இதைப் பார்க்க ஒண்ணும் இல்ல.

இன்னொரு தடவை எட்டிப் பாருங்க சார், கோச்சுக்காதீங்க. இருக்காளா? நல்லது. நீங்க நல்ல மனுசன். இப்படிப் பொறுமையாக் கேக்குற ஆளு இந்தக் காலத்துல எங்க இருக்கு.

ஆங், பயலுக எல்லாம் இறங்குறானுக. இப்பத்தான் காத்து வருது. இன்னும் கால் மணி நேரத்துல சாத்தூர். நான் அவளை...

அது யாரு? மூணாவது சீட்டு. அந்தக் கிழவி யாரு, கூடையோட? நீலச் சேலை எங்க? கண்டக்டர்! கண்டக்டர், இங்க ஒரு பொம்பளை உக்காந்திருந்துச்சே, நீலச் சேலை, மெலிஞ்ச உடம்பு. என்னது? என்னய்யா சொல்ற? விருதுநகர்லயா? வண்டி நின்னதுமே இறங்கிப் போச்சா? அங்க அவளுக்கு யாருமே இல்லையேய்யா, கையில பஸ்ஸுக்குக்கூடக் காசு கிடையாதே! நிறுத்து, வண்டியை நிறுத்து!

இருங்க. நீங்க உக்காருங்க. எங்க எந்திரிக்கிறீங்க?

ரெண்டு தடவை கேட்டேன் உங்ககிட்ட. ரெண்டு தடவையும் எட்டிப் பார்த்துட்டு, 'இருக்காங்க'ன்னு சொன்னீங்க. விருதுநகர்ல ஜன்னல்ல பார்த்தீங்களே, அது அவதானே? இந்த ஜன்னலுக்குக் கீழதான போயிருப்பா? நான் திரும்பிரக் கூடாதுன்னுதான, அப்புறம் என்னாச்சு, அப்புறம் என்னாச்சுன்னு கேட்ட? எம்மூஞ்சியைப் பாருடா. மூணு வருஷமா மூவாயிரத்து எண்ணூறு வீட்டுல தேடுறேன், நீ எம்பக்கத்துலயே வந்து உக்காந்திருக்க.

சொல்லு. எத்தனை நாளாத் தெரியும் அவளை உனக்கு?